சுகமாயிட்டேன் என்கிற இறந்தகாலம்

தேவகிருபைச் சித்தி எதையும் சொல்வதற்கு முன் ஒரு நொடி நிறுத்துவாள். பல்கூச்சம் உள்ளவர்கள் ஐஸ் தண்ணீர் குடிக்கும் முன் தம்ளரை உதட்டருகே நிறுத்துவார்களே, அப்படி. திருவொற்றியூரில் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் அவளும் ஆசீர்வாதம் சித்தப்பாவும் எபினேசர் ஸ்டோர் என்ற மளிகைக் கடையை நடத்துகிறார்கள். புதிதாகச் சாமான் வாங்க வருகிறவர்கள், இந்த அம்மாவுக்குக் காது மந்தம் போலிருக்கிறது என்று இன்னொரு முறை உரக்கக் கேட்பார்கள். பழகினவர்கள் காத்திருப்பார்கள். பூவம்மா மட்டும் காத்திருக்க மாட்டாள். மீன் கூடையை வாசலில் இறக்கிவிட்டு அவசரமாக வருகிறவள்.

"யக்கா, உளுத்தம்பருப்பு கீதா, இல்லியா?"

"நாளைக்கு வருது."

"அப்ப இன்னிக்கு இல்லன்னு சொல்லேன். வாயிலருந்து முத்தா உதுந்துடும்?"

"காலையில வருதுன்னு சொல்லுதேன்லா. வா."

"நாளைக்குக் காலைல வர்ற பருப்ப இன்னிக்கு மத்தியானமே எப்பிடிக்கா ஊற வெப்பேன்?"

இதில் வேதம் பாதி, வியாபாரம் பாதி. தெற்கேயிருந்து வந்த கடைக்காரர்கள் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு 'இல்லை' என்று சொல்வதில்லை. சொன்னால் சரக்கு கோபித்துக்கொண்டு போய்விடும் என்று நம்பிக்கை. மெஞ்ஞானபுரம் பக்கத்து ஊரிலிருந்து மீசை முளைக்கும் முன்னே மாமா கடையில் பொட்டலம் மடிக்க வந்த சித்தப்பா அதை அங்கேயே கற்றுக்கொண்டார். கல்யாணமாகி வந்த சித்திக்கு அவர் கற்றுக்கொடுத்தார். மிச்சத்தைச் சபை கற்றுக்கொடுத்தது.

சபை என்றால், கோயில் என்று ஊரில் சொல்லும் பெரிய சர்ச் அல்ல. அதை விட்டு அவர்கள் வந்து வெகு காலமாகிறது. பாத்திரக்கடைக்கு மேலே, தகரக்கூரை போட்ட மாடியில் நடக்கும் ஜெபவீடு. அதை நடத்தும் பாஸ்டர் டென்னிஸ் முன்பு வெல்டராக இருந்தவர். கையில் இன்னும் தீப்பொறித் தழும்புகள் இருக்கின்றன. பிரசங்கமும் பட்டறை பாஷையிலேயே வரும். "வார்த்தைன்றது வெல்டிங் மாதிரி. ஒட்டுனா ஒட்டுனதுதான். எத்தோட எத்த ஒட்றோம்னு பாத்து வாயத் தொறங்க" என்பார். நோயைப் பற்றிப் பேசும்போது அவர் ஓர் இலக்கண வாத்தியார் ஆகிவிடுவார். "சுகமாவேன்னு சொல்லாதீங்க. ஆவேன்றது நாளைக்கி. நாளைக்கின்றது நம்ம கையில இல்ல. சுகமாயிட்டேன்னு சொல்லுங்க. ஆச்சி, முடிஞ்சிது. அதான் விசுவாசம்."

மாடி முழுக்க "ஆமென்" என்று அதிரும். கீழே கடைக்காரர் அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் லேசாகக் கிணுகிணுக்கும்.

சித்தியின் நிறுத்தத்துக்குக் காரணம் பாஸ்டர் அல்ல, ஜெயவேல்.

சில வருடங்களுக்கு முன் மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சாரத்திலிருந்து விழுந்து ஜெயவேல் பேச்சு மூச்சில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் மனைவி வரலட்சுமி ரொட்டி வாங்கக் கடைக்கு வந்தாள். ரொட்டியைக் கையில் வாங்கிக்கொண்டே, "கண்ணே தொறக்கலக்கா" என்று வாசலில் உட்கார்ந்துவிட்டாள். சித்தி அன்று யோசிக்கவேயில்லை. வாயில் வந்தது.

"எந்திச்சி வருவாரு. இந்தக் கடைக்கு அவரே நடந்து வந்து சோப்பு வாங்குவாரு, பாரு."

ஏன் சோப்பு என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. அடுத்த மழைக்கு முன்னால் ஜெயவேல் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு வந்து கடை முன்னால் நின்றார். "சோப்பு குடுக்கா. எங்கூட்டுக்காரி வாங்கினு வரச் சொல்லிச்சி" என்றார். தெருவே பார்த்தது. வரலட்சுமி அம்மன் கோயிலுக்குப் பொங்கல் வைத்துவிட்டு, அதே கையோடு சித்திக்கு ஒரு புடவையும் எடுத்து வந்தாள்.

அன்றிலிருந்து சித்தி மளிகைக்காரி மட்டும் இல்லை என்றாயிற்று. பரீட்சை, ஜாமீன், பிள்ளைப்பேறு, துபாய் விசா என்று எல்லாவற்றுக்கும் வந்தார்கள். "ஒரே ஒரு வார்த்த சொல்லுக்கா" என்பார்கள். கால் கிலோ சர்க்கரையோடு ஒரு வார்த்தை. வெள்ளிக்கிழமை நெற்றியில் குங்குமத்தோடு வருகிறவர்களும் கேட்பார்கள், வீட்டில் புத்தர் படம் வைத்திருக்கிறவர்களும் கேட்பார்கள். யாரையும் அவளால் வெறுமனே அனுப்ப முடியவில்லை. கண்ணை மூடி, தராசில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மெல்லச் சொல்வாள். சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் பருப்பு மூட்டை மேல் உட்கார வேண்டியிருக்கும்.

"கெணத்துல எறைச்சா ஊறும்னுதான் சொல்லுதாவ. ஊறதுக்கு நேரம் குடுக்கணும்லா" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள்.

நடந்த வார்த்தைகளைத் தெருவெல்லாம் பேசினார்கள். நடக்காத வார்த்தைகளை யாரும் வந்து சொல்லவில்லை. அந்த ஆட்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள், அவ்வளவுதான். சபையில் முன்வரிசையில் உட்காரும் சிலுவையம்மாளின் மருமகளுக்குக் குழந்தை தங்கும் என்று சித்தி சொன்னாள். தங்கவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் வீட்டு எண்ணெய்கூட எதிர்க்கடையிலிருந்துதான் போகிறது.

அப்போதுதான் சித்திக்கு ஒரு பயம் பிடித்தது. நல்லதைச் சொன்னால் நடக்கிறது என்றால், கெட்டதைச் சொன்னாலும் நடக்கத்தானே வேண்டும்? அந்த ஒரு நொடி நிறுத்தம் அங்கிருந்து வந்தது. வாயில் வந்த சொல்லை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவாள்.

சித்தப்பாவுக்கு இருமல் வந்தபோது யாரும் அதைக் கவனிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் இருமல் ஒரு நோயில் சேர்த்தி இல்லை. எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று திரும்பினால் இருமுவார்கள். டிரெய்லர் லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனால் இருமுவார்கள். ஆனால் காற்று நின்ற நாட்களிலும் சித்தப்பா இருமினார். வேட்டிமேல் கட்டும் பெல்ட்டில் புதிய ஓட்டை போட்டார். அதற்கும் உள்ளே இன்னொன்று போட்டார். தினமும் காலையில் கடையைத் திறக்குமுன் ஷட்டரின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, "சுகமாயிட்டேன். ஸ்தோத்திரம்" என்று உரக்கச் சொல்வார். பிறகு ஷட்டரைத் தூக்குவார். தூக்கியதும் மூச்சு வாங்கி, அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து இருமுவார்.

ஒரு காலை கை கழுவும் தொட்டியில் சிவப்பாக ஏதோ இருந்தது. அவர் குழாயைத் திறந்துவிட்டார். சித்தி துண்டோடு பின்னால் நின்றிருந்தாள். தண்ணீர் ஓடுவதை இருவரும் பார்த்தார்கள். இருவரும் பார்த்தது இருவருக்கும் தெரியும். அவள் துண்டைக் கொடுத்தாள், அவர் வாயைத் துடைத்துக்கொண்டார்.

அந்த மாதங்களில் நான் வேலை பார்க்கும் வெளியூரிலிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிடும்போதெல்லாம், "சித்தப்பா எப்படி இருக்காங்க?" என்று கேட்டால், சித்தி அந்த நொடியை எடுத்துக்கொண்டு, "சுகம்ப்பா" என்பாள். அந்த ஒரு நொடிக்குள் பின்னால் யாரோ இருமுவது கேட்கும். நெட்வொர்க் சத்தமாக இருக்கும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டு போனை வைப்பேன். அன்றைக்கு வேலை ஓடாது.

கடைசியில் அவளே சித்தப்பாவை டாக்டர் சௌக்கத் அலியிடம் கூட்டிக்கொண்டு போனாள். அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் பழகின டாக்டர்.

"சொல்லுங்க அண்ணாச்சி. என்ன செய்யுது?"

"சுகமாயிட்டேன் டாக்டர்."

டாக்டர் மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிக்கொண்டார். "சுகமாயிட்டு என்கிட்ட வந்த மொத ஆள் நீங்கதான். உங்களுக்கு நான்தான் ஃபீஸ் குடுக்கணும்."

"இவ கூப்பிட்டா. வந்தேன்."

"சரி. நீங்க சொல்லுங்கம்மா."

சித்தி வாயைத் திறந்தாள். அந்த நொடி வழக்கத்தைவிட நீண்டது. சித்தப்பா சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு மட்டும் 'சுகமாயிட்டேன்' என்று அசைந்தது. தொட்டியில் ஓடிய தண்ணீர் அவள் கண்ணுக்கு முன்னால் ஓடியது. அதைச் சொல்லிவிட்டால், தன் வாயால் சொல்லிவிட்டால், பிறகு அது போகாது என்று அவளுக்குத் தோன்றியது. ஊரான் பிள்ளையை எழுப்பின வாய், புருஷனைப் படுக்க வைத்துவிடும்.

"கொஞ்சம் இருமல் டாக்டர்."

"சளியில ஏதாவது கலர் தெரியுதா?"

"கொஞ்சம் இருமல்தான்."

டாக்டர் அவர் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். சிரப்பு எழுதினார். எக்ஸ்ரே எடுக்கவும் எழுதினார். "கண்டிப்பா எடுத்துட்டு வாங்க அண்ணாச்சி. உங்க வாய் ஒண்ணு சொல்லுது, நெஞ்சு வேற சொல்லுது."

வரும் வழியில் ஷேர் ஆட்டோவில் சித்தப்பா சொன்னார்: "படம் எடுத்தா இன்னதுதான்னு ஒரு பேரு வச்சிருவான். பேரு வச்சிட்டா அது வீட்டு ஆளு மாதிரி ஆயிரும்."

அவர்கள் எக்ஸ்ரே எடுக்கப் போகவேயில்லை.

எழில்மொழி வந்தது ஒரு மத்தியானம். புளியந்தோப்புப் பெண். தோளில் பையை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய் வீட்டில் யாருக்காவது இருமல் உண்டா என்று விசாரிக்கிற சுகாதார வேலை. கடையில் கூட்டம் இல்லை. சித்தப்பா உள்ளே அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

"யக்கா, வூட்ல யாருக்குனா ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் கீதா?"

நொடி.

"எல்லாரும் சுகம்மா."

மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து இருமல் கிளம்பியது. கிளம்பி, நின்று, மறுபடி கிளம்பியது. எழில்மொழி கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"அது யாருக்கா, அரிசி மூட்டையா இருமுது?"

"அவியதான்."

"அண்ணாச்சி! எப்பிடி கீறீங்க?"

"சுகமாயிட்டேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எத்துலருந்து?"

"என்னது?"

"எத்துலருந்து சுகமாயிட்டீங்க? நல்லா கீறவன் நல்லா கீறேன்னு சொல்லுவான். ஆயிட்டேன்னா முன்னாடி இன்னாவோ இருந்துச்சின்னுதானே அர்த்தம்? நான் ஒண்ணும் பேஜார் பண்ண வர்ல நைனா. இப்ப கீறத நீங்க சொல்ல வேணாம். முன்னாடி இருந்தத மட்டும் சொல்லுங்க, போதும்."

சித்தப்பா எழுந்து வந்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். இருக்கிற நோவைச் சொன்னால் அவிசுவாசம். ஆனால் இருந்த நோவைச் சொன்னால் அது சாட்சி. சபையில் சாட்சி சொல்ல எழுந்திருக்கிறவர்கள் எல்லாரும் பட்ட பாட்டையெல்லாம் ஒன்றுவிடாமல், முடிந்துபோன கதையாகத்தானே சொல்கிறார்கள்? அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்ததைச் சித்தி பார்த்தாள். சபையில் நிற்பதுபோலவே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இருமல் வந்துச்சி."

"செரி."

"ராத்திரி வேர்த்துச்சி. தலைகாணி நனைஞ்சிச்சி."

"ம்."

"சோறு எறங்கல. எடை கொறைஞ்சிச்சி."

"அப்புறம்?"

அவர் சித்தியை ஒரு பார்வை பார்த்தார். "ரத்தம் வந்துச்சி."

"எப்போ நைனா வந்துச்சி?"

"இன்னிக்குக் காலையில."

எழில்மொழி சிரிக்கவில்லை. சித்தி தராசின் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எழில்மொழி பையிலிருந்து மூடிபோட்ட ஒரு சிறிய டப்பாவை எடுத்துக் கல்லாமேல் வைத்தாள். காலையில் எழுந்தவுடன் சளியை இருமி அதில் துப்பி வைக்க வேண்டும், தானே வந்து வாங்கிக்கொண்டு போவதாகச் சொன்னாள்.

"ஏம்மா," சித்தி குரலைத் தாழ்த்தினாள், "தெருவுல தெரிய வேண்டாம். திங்கிற சாமான் விக்கிற கடை."

"யாரு சொல்லப் போறா? எங்க நைனாவுக்கே வந்துச்சி. ஆறு மாசம் மாத்திரை போட்டாரு. இப்ப அவுரு போடற கூச்சல்ல பக்கத்து வூட்டுக்காரங்கதான் தூங்க முடியாம கீறாங்க. ஒண்ணே ஒண்ணுக்கா. நடுவுல வுட்டுடக் கூடாது. வுட்டா அது மறுபடி வரும். வந்தா இந்த மாத்திரைக்கு அடங்காது. அப்புறம் அவுர காப்பாத்தறது கஷ்டம்."

டி.பி. என்று முடிவு வந்தது. அரசாங்க மருந்து, தினமும் காலையில் வெறும் வயிற்றில். சித்தப்பா சண்டை போடாமல் விழுங்கினார். எழில்மொழியிடம் சாட்சி சொன்ன கையோடு அதுவும் நடந்துவிட்டது. இரண்டு மாதம் போவதற்குள் இருமல் அடங்கியது. வேர்வை நின்றது. பூவம்மா கொண்டுவந்த சங்கரா மீனைக் குழம்பு வைக்கச் சொல்லி, இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஷட்டரைத் தூக்கிவிட்டு உட்காராமல் நின்றார். சித்திக்குக்கூட கொஞ்சம் தூக்கம் வந்தது.

அதற்குப் பிறகுதான் மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் அப்படியே கிடப்பதை அவள் பார்த்தாள்.

"மாத்திரை போடலியா நீங்க?"

"எதுக்கு?"

"என்ன எதுக்கு? இன்னும் பாதிக்கு மேல கெடக்குல்லா."

"ஏட்டி, காலையில சுகமாயிட்டேன்னு சொல்லுதேன். சொல்லிட்டு உள்ள வந்து மாத்திரையும் போடுதேன். ரெண்டுல எது உண்ம? ஒரு வாய்ல ரெண்டு பேச்சா? இத்தன நாளு பெலவீனம் இருந்துச்சி. போட்டேன். இப்பந்தான் போயிருச்சே."

"அந்தப் பிள்ள என்ன சொல்லிச்சி? நடுவுல விட்டா..."

"அத வாயால சொல்லாத!"

அவர் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. பிறகு குரல் இறங்கிவிட்டது. "ஊருக்கெல்லாம் சொல்லுத. ஜெயவேலுக்குச் சொன்ன, எந்திச்சி வந்தான். எனக்கு ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, சுகமாயிட்டீயன்னு சொன்னியா நீ? பாஸ்டர் சொல்லுதாரு. நானே சொல்லுதேன். எம் பொண்டாட்டி வாய்லருந்து மட்டும் வரல. ஏன் வரல?"

சித்தியிடம் அதற்குப் பதில் இருந்தது. வரிசையில் நின்ற எல்லாருக்கும் அவளால் சொல்ல முடிந்தது, ஏனென்றால் நடக்காவிட்டால் அவர்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். இவர் எங்கே போவார்?

சித்தி எழில்மொழியை வரவழைத்தாள். "இன்னா நைனா, பாதி ஆத்துல படக வுட்டு எறங்கினா எப்டி" என்று அந்தப் பெண் கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். சித்தப்பா மரியாதையாகத் தலையாட்டிவிட்டு அவளுக்கு ஒரு கடலைமிட்டாய் கொடுத்து அனுப்பினார். அந்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லப் போவதாகப் பாஸ்டருக்குப் போன் செய்துவிட்டார். மாத்திரையை நிறுத்தியதைச் சொல்லவில்லை. நோயின் பெயரையும் சொல்லவில்லை.

ஞாயிறன்று ஆராதனை முடியும்வரை அவர்கள் இருவரும் எதுவும் சாப்பிடுவதில்லை. மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைக்கவில்லை. தகரக்கூரை காய்ந்தது. சித்தப்பா சாட்சி சொன்னார். சரீரத்தில் ஒரு பெலவீனம் வந்தது, சோறு இறங்கவில்லை, படுக்கை நனைந்தது, வாயிலிருந்து ரத்தம் வந்தது; கர்த்தர் தொட்டார், சுகமாயிட்டேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பாஸ்டர் டென்னிஸுக்குக் கண் கலங்கியிருந்தது. அவர் நடிக்கிறவர் அல்ல. மைக்கை வாங்கி, பெண்கள் பக்கம் நீட்டினார்.

"சிஸ்டர் தேவகிருபை, நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க வாயால நாங்க கேக்கணும்."

அவள் எழுந்தாள். மைக்கைக் கையில் வாங்கினாள். அந்த நொடி வந்தது, போகவில்லை. மைக் ஒருமுறை கீச்சென்று கத்தி அடங்கியது. சித்தப்பா ஆண்கள் பக்கத்திலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சை முடிவுக்கு நிற்கிற பிள்ளையைப் போல அந்த முகம் இருந்தது என்று சித்தி சொன்னாள். அந்த முகத்தைப் பார்த்தபோது பாதி உயிர் போய்விட்டது என்றாள்.

"அவியளுக்கு வந்தது டி.பி." என்றாள். "இன்னும் சுகமாகல. பாதி மருந்துகூட சாப்பிட்டு முடிக்கல. ஒரு வாரமா அதையும் நிறுத்திட்டாவ. மிச்ச மருந்தையும் சாப்ட்டா சுகமாவாவ. இனிமேதான் ஆவாவ." கொஞ்சம் நிறுத்தி, "எனக்காவ ஜெபம் பண்ணிக்கிடுங்க. ரொம்ப அலுத்துப் போச்சி" என்று சொல்லி மைக்கை நீட்டினாள்.

கடைசி வரிசையில் யாரோ பழக்கதோஷத்தில் "ஆமென்" என்றார்கள். அதுவும் பாதியில் நின்றுவிட்டது. முன்வரிசையில் சிலுவையம்மாள் முந்தானையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டாள். பாஸ்டர் மைக்கை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வெல்டிங் வாய்க்கு அன்று ஒன்றும் ஒட்டவில்லை. கடைசியில் கீபோர்டு வாசிக்கிறவரைப் பார்த்து, "பாட்டு" என்றார்.

மாடிப்படியில் பாஸ்டர் சித்தியின் பின்னாலேயே இறங்கி வந்தார்.

"சிஸ்டர், மாத்திரைய நிறுத்தச் சொல்லி நான் சொல்லவேயில்லியே."

"சொல்லல பாஸ்டர்."

"எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா நானே அண்ணாச்சிகிட்ட பேசியிருப்பேன்ல?"

"அத எப்பிடிச் சொல்லணும்னு எங்களுக்கு வாய் பழகல" என்றாள் சித்தி. கோபமில்லை. மேலே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

சித்தப்பா காத்திருக்கவில்லை. நெடுஞ்சாலை ஓரமாக வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் துறைமுகத்துக்குப் போக வரிசை கட்டி நின்றன. சித்தி கைப்பையை இடுக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் லாரி சத்தத்தில் கேட்காது. என்னென்ன சொல்வார் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். ஊர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாய். கடையை மூடிவிடு. உன் வாய்தான் என்னைக் கொல்லப் போகிறது.

மூடியிருந்த ஒரு டயர் கடையின் முன்னால் அவர் நின்றார். படியில் உட்கார்ந்தார். அவள் கிட்டே வந்ததும் ஏதோ சொன்னார். டிரெய்லர் ஒன்று உறுமிக்கொண்டு நகர்ந்தது.

"என்ன சொல்லுதீய? கேக்கல."

"முடியலன்னு சொல்லுதேன், கிருபை."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தெனம் ஷட்டர்ல கைய வச்சிச் சொல்லுதேன்லா. சொல்லும்போதுல்லாம் பயந்தான் வருது. சத்தமாச் சொன்னா போயிரும்னு இன்னுஞ் சத்தமாச் சொன்னேன். நேத்து மறுபடி வேர்த்துச்சி" என்றார். பிறகு தன்னையே திருத்திக்கொள்கிறவர்போல, "வேர்க்குது" என்றார்.

சித்தி கைப்பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். வேதப்புத்தகத்தோடு அதையும் காலையிலேயே எடுத்து வைத்திருந்தாள். எதிரே டீக்கடைக்காரரிடம் கையைக் காட்டி ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டாள். அவர் லாரிகளுக்கிடையில் புகுந்து கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

"வெறும் வயித்துலதான போடணும்?" என்றார் சித்தப்பா.

"இன்னும் ஒண்ணுஞ் சாப்பிடலியே நாம."

அட்டையைப் பிதுக்கி ஒவ்வொன்றாக அவர் உள்ளங்கையில் வைத்தாள். செங்கல் நிறத்தில் பெரிய மாத்திரைகள். வாடை அடிக்கிறது என்று முகத்தைச் சுளித்தார். சபை முடிந்து ஆட்கள் அந்த வழியாகத்தான் வரத் தொடங்கினார்கள். சிலர் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போனார்கள். சிலர் பார்க்காததுபோல நடந்தார்கள். ஒருவர் மட்டும் எட்ட நின்று, "ஸ்தோத்திரம் அண்ணாச்சி" என்றார். சித்தப்பா வாயில் மாத்திரையோடு கையை மட்டும் தூக்கினார்.

அந்த மாத்திரை தொண்டையிலேயே ஒட்டிக்கொண்டது. தம்ளரில் தண்ணீர் தீர்ந்திருந்தது. சித்தி இன்னொரு தம்ளர் வாங்க எழுந்து, லாரி வழிவிடும்வரை சாலை ஓரத்தில் நின்றாள்.